முனை முறிந்த அரிசி

மளிகைக் கடையில் 'முனை முறியாத பச்சரிசி' என்று அட்டையில் எழுதி மூட்டையில் குத்தி வைத்திருப்பார்கள். கல்யாண வீட்டில் அட்சதைக்கு அதைத்தான் கேட்டு வாங்குவோம். அதில் ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு முனை வழவழவென்று முழுசாக இருக்கும். மறுமுனையின் ஓரத்தில், நகத்தால் கிள்ளி எடுத்தது போல ஒரு சின்னப் பள்ளம் தெரியும். எந்த ரகமானாலும், என்ன விலையானாலும் அந்தப் பள்ளம் இருக்கும். தீட்டிய அரிசியில் முனை முறியாதது என்று ஒன்று கிடையாது.

பள்ளம் இருக்கும் இடத்தில் முன்பு இருந்தது நெல்லின் கரு. விதைத்தால் முளை விடுகிற பகுதி. மணியின் எடையில் நூற்றில் இரண்டு மூன்று பங்குகூடத் தேறாது. மில்லில் தீட்டும்போது தவிட்டோடு சேர்ந்து போய்விடுகிறது. இந்தத் துணுக்கும் இதைச் சுற்றியிருந்த மெல்லிய தவிட்டுத் தோலும் போனதால், நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கீழை நாடுகளில் லட்சக்கணக்கானோர் கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்று செத்தார்கள். நாமும் மூன்று வேளையும் அரிசியே தின்று வந்தவர்கள்தான். தமிழ்நாட்டு ஊர்களில் அந்த நோய் ஏன் பெருவாரியாகப் பரவவில்லை?

விடை, நெல் அவிக்கும் அண்டாவுக்குள் இருக்கிறது. ஆனால் ஜாவாவையும் மலாயாவையும் சுற்றிக்கொண்டுதான் அங்கே போய்ச் சேர முடியும்.

நோயின் பெயர் பெரிபெரி. 'முடியவில்லை, முடியவில்லை' என்று பொருள்படும் சிங்களச் சொல் என்பார்கள். இதில் ஒரு வகை நரம்பைப் பிடிக்கும். முதலில் கால் மரத்துப்போகும், பிறகு பாதம் தொங்கும், படி ஏற முடியாது. இன்னொரு வகை இதயத்தைப் பிடிக்கும். கால் வீங்கும், மூச்சு இரைக்கும், நேற்றுவரை நடமாடியவர் இன்று இருக்கமாட்டார். தாய்க்கு அந்தக் குறை இருந்தால் பால் குடிக்கிற குழந்தைக்கும் வரும். குழந்தை வாயைத் திறந்து அழும், சத்தம் வராது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நீராவி அரிசி ஆலைகள் பெருகியபோது இந்த நோயும் பெருகியது. சிறை, பட்டாளம், கப்பல், சுரங்கம் என்று ஒரே அடுப்பில் வெந்த சோற்றைப் பலர் தின்கிற இடமாகப் பார்த்து வந்தது. ஒரே கூரைக்குக் கீழே கொத்துக் கொத்தாக வந்ததால் தொற்றுநோய் என்றே மருத்துவர்கள் முடிவு கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. காசநோய், காலரா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கிருமியைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. கெட்டது ஒன்று உடம்புக்குள் போனால் நோய் வரும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் புரியும். உள்ளே போக வேண்டிய ஒன்று போகாததால் நோய் வரும் என்பதை ஏற்க மனசு லேசில் இடம் கொடுக்காது. இல்லாத ஒன்றை எந்த நுண்ணோக்கியில் பார்ப்பது?

1886இல் டச்சு அரசு ஜாவாவுக்கு அனுப்பிய மருத்துவக் குழுவில் கிறிஸ்தியான் எய்க்மன் இருந்தார். படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், கிருமியைத் தேடிக் கோழிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். ஊசி போட்ட கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. சந்தோஷப்படுவதற்குள் ஊசி போடாத கோழிகளும் விழுந்தன. நான்கைந்து மாதம் இப்படியே போனது. பிறகு ஒருநாள் எல்லாக் கோழிகளும் தாமாகவே எழுந்து நடக்கத் தொடங்கின.

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. கோழிக்குத் தீனி போடுகிறவர், ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை வாங்கி வந்து போட்டிருக்கிறார். தீனிச் செலவு மிச்சம். புதிதாக வந்த சமையல்காரர், பட்டாளத்து அரிசியைச் சிவிலியன் கோழிக்குத் தர முடியாது என்று கையை விரித்துவிட்டார். கோழிகள் மறுபடி தவிடு போகாத அரிசிக்குத் திரும்பின, பிழைத்துக்கொண்டன. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. கறாரான அந்தச் சமையல்காரரின் பெயர் பரிசுப் பட்டியலில் இல்லை.

கோழிக்குச் சரி, மனிதனுக்கு? ஜாவாவின் சிறைகளை மேற்பார்வையிட்ட ஃபோர்டர்மன் என்ற மருத்துவர் 101 சிறைகளில் கணக்கெடுத்தார். மொத்தம் ஏறத்தாழ 2,80,000 கைதிகள். தீட்டிய வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் 39 பேரில் ஒருவருக்குப் பெரிபெரி. தவிட்டோடு கூடிய அரிசி போட்ட சிறைகளில் 10,000 பேரில் ஒருவருக்கு. கட்டடம் பழசா புதுசா, காற்றோட்டம் உண்டா, நெரிசலா என்றெல்லாமும் பார்த்தார். அவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் எய்க்மன், சோற்று மாவில் ஒரு நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு முறிவு இருக்கிறது என்றுதான் நினைத்தார். அவருக்குப் பின் அந்த ஆய்வகத்தில் வேலை பார்த்த கெரித் கிரைன்ஸ் 1901இல் அந்த நஞ்சைத் தூக்கி எறிந்தார். நஞ்சும் இல்லை, முறிவும் இல்லை. உடம்புக்கு அவசியமான ஏதோ ஒன்று தவிட்டில் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் நரம்பு கெடுகிறது, அவ்வளவுதான் என்றார்.

இந்த இடத்தில் நம்மவர்கள் கதைக்குள் வருகிறார்கள். மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களைப் பெரிபெரி வாரிக்கொண்டு போனது. அதே நாட்டில், அதே வெயிலில், அவர்களைவிட வசதியாக ஒன்றும் வாழாத தமிழ்க் கூலிகளுக்கு அது அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர் தின்றது சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி. தமிழர் தின்றது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. நோய் அரிசியில்தான் இருக்கிறது என்று 1907இல் அவர் ஒரு பெரிய புத்தகமே போட்டார்.

கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் இருந்த ஃபிளெட்சருக்கு, புத்தகம் வருமுன்பே அடிபட்ட இந்தக் கருத்தில் நம்பிக்கை இல்லை. பொய்யென்று காட்டவே ஒரு சோதனை செய்தார். 1905 டிசம்பர் 5 அன்று நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்குக் கட்டடத்துக்கு. அவர்களுக்குச் சயாம் அரிசி. இரட்டைப்படைக்காரர்கள் மேற்குக் கட்டடத்துக்கு, அவர்களுக்குப் புழுங்கலரிசி. இரண்டு கட்டடமும் ஒரே மாதிரி. மற்றச் சாப்பாடும் ஒன்றே. நடுவில், கட்டடத்தில்தான் கோளாறோ என்ற சந்தேகத்தைப் போக்க, இரு கூட்டத்தையும் இடம் மாற்றிப் போட்டார். நோய் அரிசியோடு போனதே தவிர, கட்டடத்தோடு தங்கவில்லை. ஓராண்டு முடிவில் சயாம் அரிசி தின்ற 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்குப் பெரிபெரி. 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசி தின்றவர்களில் நோய் இருந்தது இருவருக்கு மட்டும். அந்த இருவரும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். ஒருவர்கூடச் சாகவில்லை.

தன் நம்பிக்கைக்கு எதிரான முடிவை மறைக்காமல் வெளியிட்டார் என்பதற்காக ஃபிளெட்சரைப் பாராட்டலாம். ஆனால் இன்றைக்கு எந்த நெறிக் குழுவும் இந்தச் சோதனைக்கு அனுமதி தராது. வரிசையில் நின்று எண்ணியவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நாம் இன்று நிச்சயமாக அறிந்திருப்பதில் ஒரு பங்கு அந்தப் பதினெட்டு உயிர்களின் கணக்கில் இருக்கிறது.

தவிட்டில் இருப்பது என்ன என்று பிரித்தெடுக்க இன்னும் இருபது ஆண்டு ஆனது. 1912இல் காசிமிர் ஃபங்க் இப்படிப்பட்ட பொருள்களுக்கு 'வைட்டமின்' என்று பெயர் வைத்தார். 'வீடா' என்றால் லத்தீனில் உயிர். தமிழில் உயிர்ச்சத்து என்று சொன்னவர்கள் பொருத்தமாகவே சொன்னார்கள். 1926இல் யான்சென், டோனாத் என்ற இருவர் அதே படேவியாவில் தவிட்டை மூட்டை மூட்டையாகக் கரைத்து வடித்து, கடைசியில் ஒரு சிட்டிகைக்கும் குறைவான படிகத்தை எடுத்தார்கள். அதன் கட்டமைப்பைக் கண்டுபிடித்து, 1936இல் ஆய்வகத்திலேயே செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ். மணிலாவில் தவிட்டுச் சாற்றோடு அவர் தொடங்கிய வேலை அது. கால் நூற்றாண்டு பிடித்தது. அமெரிக்கப் பாதிரியாரின் மகன். பிறந்த ஊர், நெல்லைப் பெயரிலேயே வைத்திருக்கிற நெல்லூர்.

அந்தப் பொருளுக்குத் தயமின் என்று பெயர். வைட்டமின் பி1 என்றாலும் அதுதான். கந்தகம் கலந்த சேர்மம். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை டப்பாவைத் திறந்ததும் ஒரு வாடை முகத்தில் அடிக்குமே, அதில் தயமினுக்கு நல்ல பங்கு உண்டு.

வைட்டமின் என்று பெயர் வாங்க இரண்டு தகுதி வேண்டும். கொஞ்சமாகவேனும் தேவைப்பட வேண்டும்; நம் உடம்பால் போதிய அளவு செய்துகொள்ள முடியாததாக இருக்க வேண்டும். மனிதனுக்கு அப்படி 13 இருக்கின்றன. எலி தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தானே செய்துகொள்ளும். ஆகவே எலியைப் பொறுத்தவரை அது வைட்டமினே அல்ல. இரும்பு, துத்தநாகம், அயோடின் முதலிய தாதுக்களின் கதை வேறு. வைட்டமின் ஏதோ ஓர் உயிர் கட்டிய மூலக்கூறு. சூடு, வெளிச்சம், காரம் எதிலாவது உடைந்துபோகும். தாது மண்ணிலிருந்து வந்த தனிமம். எவ்வளவு கொதித்தாலும் அழியாது. வடித்துக் கொட்டினால் மட்டும் போகும்.

தயமின் ஒரு நாளைக்கு 1.2 மில்லிகிராம் அளவு இருந்தால் பெரியவர் ஒருவருக்குப் போதும். ஐந்து கிராம் பிடிக்கிற டீஸ்பூன் ஒன்றில் தயமினை நிரப்பினால் ஒருவருக்குப் பதினோரு ஆண்டுக்கு வரும். இத்தனை சொற்பமான பொருள் இல்லாமல் போனால் ஆளே விழுவானேன்?

நெல் அவிக்கும் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் அகன்ற அடுப்பு. நெருப்பு உள்ளே தள்ளி எரிகிறது. விறகைப் பிளந்து குவித்திருக்கிறது. பக்கத்தில் ஒரு நீளக் கம்பி. அந்தக் கம்பியால் விறகை உள்ளே தள்ளினால்தான் நெருப்பு எட்டும். கம்பி எரிவதில்லை, திரும்பத் திரும்ப அதே கம்பிதான். ஆகவே ஒன்றிரண்டு போதும். ஆனால் அது தொலைந்துபோனால் விறகு வாசலில் மலையாகக் குவியும், உள்ளே அடுப்பு அணையும்.

சோற்றிலிருந்து வரும் குளுக்கோஸ்தான் விறகு. செல்லுக்குள் அது முதலில் இரண்டாகப் பிளக்கப்படுகிறது. பைரூவிக் அமிலம் கிடைக்கிறது. இதுவரை தயமின் வேண்டாம். அந்தத் துண்டைச் செல்லின் உலைக்குள் தள்ளுகிற நொதிக்குத்தான் தயமின் கம்பியாக அமைகிறது. இப்படி நொதிக்குக் கைகொடுக்கும் பொருளைத் துணைநொதி என்பார்கள். பி வகை வைட்டமின்கள் பெரும்பாலும் இந்தத் துணைநொதி வேலைதான் பார்க்கின்றன. அந்தக் கம்பியை நொதி இறுக்கிப் பிடிக்க ஒரு தாதுவும் வேண்டும்: மக்னீசியம். வைட்டமினும் தாதுவும் தனித்தனி டப்பாவில் விற்கப்பட்டாலும் உடம்புக்குள் இப்படிச் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

இதுவும் வெறும் ஊகமல்ல. 1930களில் ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ், தயமின் இல்லாத தீனியால் கழுத்து பின்னால் வளைந்து விழுந்த புறாக்களின் மூளைத் திசுவைக் கண்ணாடிக் கலத்தில் வைத்துப் பார்த்தார். அது குறைவாகவே ஆக்சிஜனை இழுத்தது. பைரூவிக் அமிலம் தேங்கிக் கிடந்தது. அதே கலத்தில் துளியூண்டு தயமின் சேர்த்ததும் திசு ஆக்சிஜனை வேகமாக இழுக்கத் தொடங்கியது. மூளையும் நரம்பும் இதயமும் முதலில் அடிவாங்குவது ஏன் என்பது இங்கே விளங்குகிறது: ஓய்வில்லாமல் எரியும் அடுப்புகள் அவை.

இன்னொன்றும் விளங்குகிறது. விறகு கூடினால் கம்பியும் கூட வேண்டும். மலைபோலச் சோறும் தொட்டுக்கொள்ள ஊறுகாயும் என்று சாப்பிடுகிறவருக்குத் தயமின் தேவை அதிகம், வரவோ குறைவு. உடம்பின் கையிருப்பு 30 மில்லிகிராம் அளவுதான். இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும். நாள்பட்ட குடியால் தயமின் வற்றிப்போனவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால், குளுக்கோஸ் ஏற்றும் முன் பி1 ஊசி போடுவார்கள். கம்பி இல்லாத அடுப்பில் மேலும் விறகைக் கொட்டினால் மூளை கெட்டுவிடும்.

இனி அண்டாவுக்கு வருவோம். மில்லுக்கு அனுப்புவதற்கு முன் வீட்டிலேயே நெல் அவித்த காலத்தைக் கண்டவர்களுக்கு அந்த வாடை மறக்காது. முதல் நாள் ஊறப்போட்ட நெல்லின் புளித்த மணம். மறுநாள் விடியலில் அண்டாவிலிருந்து ஆவி. நெல் வாய் பிளந்ததும் இறக்கிக் களத்தில் கொட்டுவார்கள். காலால் துழாவித் துழாவிக் காயவைப்பார்கள். ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்து, பதம் வந்துவிட்டது என்பார் ஒரு பெரியம்மா. அந்தப் பல்லுக்கு ஈடான ஈரமானி நான் கண்டதில்லை.

அந்த அண்டாவில் நடப்பது இதுதான். தயமின் நீரில் கரையும். ஊறும்போது கருவிலும் தவிட்டுத் தோலிலும் இருந்து கரைந்து, நீரோடு நீராக மணியின் நடுப்பகுதிக்கு நகர்கிறது. உமி மூடியிருப்பதால் பெரும்பகுதி வெளியே ஓடிவிட முடிவதில்லை. ஆவியில் மாவு பசைபோல் இளகி, காயும்போது கண்ணாடிபோல் இறுகுகிறது. நகர்ந்து வந்த தயமின் அதற்குள் சிறைப்படுகிறது. பிறகு மில்லில் தீட்டினால் கருவும் தவிடும் போகும்தான். புழுங்கலரிசியிலும் முனை முறிந்தே இருக்கும். ஆனால் வீட்டில் இருந்தவர் ஏற்கெனவே சாமானை உள்ளறைக்கு மாற்றிவிட்டார். தீட்டிய பச்சரிசியில் தயமின் ஐந்தில் நான்கு பங்கு போய்விடுகிறது. தீட்டிய புழுங்கலில் இருப்பது பச்சரிசியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. களையும்போது இழப்பதும் புழுங்கலில் குறைவு.

நம் முன்னோர் வைட்டமினை அறிந்துதான் நெல்லை அவித்தார்கள் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, குருணை குறையும், அரிசி நாள்பட இருக்கும். அவர்கள் அதற்காகவே அவித்தார்கள். தயமின் தற்செயலாகக் கிடைத்த லாபம். சென்னை மாகாணத்துக்குள்ளேயே வடக்கே கோதாவரி, விசாகப்பட்டினக் கடற்கரைப் பக்கம் தீட்டிய பச்சரிசி தின்ற மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. அதை ஆராய 1918இல் ராபர்ட் மெக்கரிசன் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் தொடங்கிய பிரிவுதான் வளர்ந்து, இன்று ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பச்சரிசி உண்ட வீடுகள் உண்டு. அங்கே பருப்பும் பாலும் காயும் அந்தக் குறையை ஈடுகட்டின.

பெருமைப்பட்டுக்கொள்வதற்கு முன் மெக்கரிசனின் எலிகளையும் பார்த்துவிட வேண்டும். 1920களில் குன்னூரில் அவர் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு வட்டாரத்துச் சாப்பாட்டையும் ஒவ்வொரு கூட்டத்துக்குப் போட்டு வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் என்று சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று முதலிடத்தில் வந்தன. கடைசி இடம் பிடித்தது மதராஸி எலி, வங்காளத்து எலிக்கும் பின்னால். ஒரு வைட்டமின் மட்டும் பிழைத்துக் கிடந்தால் போதாது. சோறு மட்டுமே சாப்பாடாக இருந்தால் புரதம், கால்சியம், வைட்டமின் ஏ எல்லாமே தட்டுப்பாடாகிவிடும். புழுங்கலரிசி நம்மைப் பெரிபெரியிலிருந்து காத்தது, அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

அப்படியானால் தவிட்டோடு கூடிய கைக்குத்தல் அரிசியே தின்றுவிடலாமே என்று தோன்றும். தின்னலாம், நல்லதுதான். ஆனால் தவிட்டில் ஃபைட்டிக் அமிலமும் இருக்கிறது. அது இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாது. கீரைக் கூட்டில் எலுமிச்சை பிழிவதும், பக்கத்தில் நெல்லிக்காய் வைப்பதும் அந்த இரும்பை மீட்கும். வைட்டமின் சியின் வேலை. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது அதைக் கெடுக்கும். இட்லி மாவு புளிக்கும்போது ஃபைட்டிக் அமிலம் குறைகிறது, பி வைட்டமின்கள் கொஞ்சம் கூடுகின்றன. பருப்பு சீக்கிரம் வேக ஆப்பசோடா போடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். தயமினுக்குக் காரம் ஆகவே ஆகாது.

பெரிபெரி மியூசியத்துக்குப் போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். 2003இல் இஸ்ரேலில் ஒரு சோயாப் பால்மாவில் தயமின் விடுபட்டுப்போய்க் கைக்குழந்தைகள் இறந்தன. காஷ்மீரில், பிரசவித்த தாய்க்குப் பத்தியம் என்று பலமுறை களைந்த வெள்ளைச் சோறே கொடுத்துவந்த வீடுகளில், பால்குடிக் குழந்தைகள் திடீரென மோசமாகி மருத்துவமனைக்கு வந்ததை மருத்துவர்கள் அண்மைக் காலத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரு தயமின் ஊசியில் பல குழந்தைகள் சில மணி நேரத்தில் தேறியிருக்கின்றன.

யோசித்துப் பார்த்தால், நம் வீடுகளில் முழுச் சத்தான சாப்பாடு சாப்பிட்டது மாடுதான். தவிடு அதற்கு. அரிசி களைந்த கழுநீர் அதற்கு. வடித்த கஞ்சியில் மிஞ்சியதும் அதற்கு. பச்சரிசி சமைக்கிறவர்கள் நாலைந்து தண்ணீர் விட்டுக் களையாமல் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிந்தால் வடிக்காமல் பொங்குங்கள். மாட்டுக்குக் கொஞ்சம் நஷ்டம்தான். தவிடு இருக்கிறது, சமாளித்துக்கொள்ளும்.